கீழ்த்தளத்தில் பூஜ்யம்

திரை முழுக்கப் பச்சை.

சங்கரேஸ்வரிக்கு அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஏ.சி. பச்சை. லிஃப்ட் பச்சை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பச்சை. குற்றாலத்தில் ஒரு ஹோட்டல், அதுவும் சீசன் நேரத்தில், இத்தனை ஒழுங்காக இருக்கிறது என்றால் ஒன்று அங்கே கந்தர்வர்கள் தங்கியிருக்க வேண்டும், இல்லை கம்ப்யூட்டர் பொய் சொல்ல வேண்டும். கந்தர்வர்கள் யாரும் அறை எடுத்ததாகத் தகவல் இல்லை.

"யாரும் எதையும் தொடக்கூடாது" என்றார் ஆதித்தன் சார். "மவுஸை நகத்துங்க. கிளிக் பண்ணாதீங்க. மேடம் கேட்டா ஸ்கிரீன்ல இருக்கிறதைப் படிச்சுக் காட்டுங்க. அவ்வளவுதான்."

"கிளிக் பண்ணா என்ன சார் ஆவும்?" என்று கேட்டான் பேச்சிராஜ்.

"ஆகும்."

"என்ன சார் ஆவும்?"

"ஏதாவது ஆகும்லே. சும்மா கெட."

பில்டிங் ஆட்டோமேஷன் துறையின் தலைவர் தம் மாணவனுக்குச் சொன்ன தொழில்நுட்ப விளக்கம் அது. சங்கரேஸ்வரி சிரிப்பை அடக்கவில்லை. அடக்கும் பழக்கமும் அவளுக்கு இல்லை. அப்பா போலீஸ், அண்ணன் பட்டாளம். குத்துக்கல்வலசையில் அவள் வீட்டில் உப்பு கேட்பதுகூட உத்தரவு மாதிரித்தான் இருக்கும். அதில் வளர்ந்தவளுக்கு, அசடு வழிகிற ஆளைக் கண்டால் விட்டுவைக்கத் தெரியாது.

அசடுக்கோ பஞ்சமில்லை. இலஞ்சி தாண்டித் தென்னந்தோப்புக்கு நடுவே இருந்தது அந்தக் கல்லூரி. கட்டடங்கள் தாமாகவே விளக்கணைக்கவும் ஏ.சி.யைக் கூட்டிக் குறைக்கவும் தீப்பிடித்தால் கூப்பாடு போடவும் கற்றுக்கொண்டுவிட்ட காலத்தில், அந்தக் கட்டடங்களைக் கட்டி மேய்க்க ஆள் தயாரிக்கிறோம் என்று தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேனர் வைத்திருந்தார்கள். உள்ளே போனால் ஒரு லேப். லேபில் ஒரு பேனல். பேனலில் சிவப்பும் பச்சையுமாகக் குட்டி பல்புகள். பின்பக்கக் கதவைத் திறந்தால் ஒரு பல்லி. ஒயர் கிடையாது.

"இங்கே ஒரு ஏ.சி. இருப்பதாக வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பிப்பார் ஆதித்தன் சார். "இது அதன் சென்சார் என்று வைத்துக்கொள்வோம்." மூன்று வருடமும் வைத்துக்கொண்டே போய்விட்டது. பையன்கள் சிலர், வேலை கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த வருடம்தான் கல்லூரியின் கரஸ்பாண்டென்ட் குற்றாலத்தில் தமக்குச் சொந்தமான ஹோட்டலில் நிஜமான ஆட்டோமேஷனை மாட்டினார். மாட்டிய கையோடு அதைக் 'கல்லூரிப் பயிற்சி மையம்' என்று அறிவித்தும் விட்டார். பிள்ளைகளுக்குப் பயிற்சி. ஹோட்டலுக்குச் சம்பளம் இல்லாத ஆட்கள். கண்ட்ரோல் ரூம் என்பது வரவேற்பறைக்குப் பின்னால், ஊறுகாய் ஜாடிகள் அடுக்கி வைத்திருந்த பழைய ஸ்டோர் ரூம். அங்கே இன்னும் எலுமிச்சை ஊறுகாய் மணந்தது.

அந்த ஊறுகாய் வாசனைக்கு நடுவில்தான் இன்றைக்கு சங்கரேஸ்வரியின் தலையெழுத்து தீர்மானமாகப் போகிறது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருகிறது. எடுப்பது ஒரே ஒருவரை. முன்னால் நிறுத்தப்பட்டிருப்பது இருவர்.

சங்கரேஸ்வரி, எல்லாப் பாடத்திலும் முதல் என்பதால். பேச்சிராஜ், ஒரு நாள்கூட லீவு போடாதவன் என்பதால்.

கிடைத்தால் நிஜக் கட்டடம், நிஜ வேலை. கிடைக்காவிட்டால் கரஸ்பாண்டென்ட் ஏற்கெனவே அவளுக்கு ஒரு கருணை செய்து வைத்திருந்தார். அதே லேபில், அதே பேனலுக்குப் பக்கத்தில், லேப் அசிஸ்டென்ட். ஆதித்தன் சாருக்குக் கீழே. வருகிற ஒவ்வொரு வருடமும், வருகிற ஒவ்வொரு மாணவனுக்கும், 'இங்கே ஒரு ஏ.சி. இருப்பதாக வைத்துக்கொள்வோம்.'

அதற்குப் பல்லியாகப் பிறந்து பேனலுக்குள் இருந்துவிடலாம்.

போட்டிக்கு இருப்பவனைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. பேச்சிராஜுக்கு சுந்தரபாண்டியபுரம். அவர்கள் வீட்டுச் சூரியகாந்தி வயலில் சினிமாக்காரர்கள் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். இவன் கேமராவுக்குக் குடை பிடிப்பான். அந்தக் குடையைத் தவிர வேறெதையும் அவன் நேராகப் பிடித்ததில்லை என்பது சங்கரேஸ்வரியின் தீர்ப்பு.

"ஏட்டி சங்கரி, பயமா இருக்குட்டி" என்றான் அவன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

"ஒனக்கு எதுக்குலே பயம்? எதாவது தெரிஞ்சவனுக்குல்லா மறந்துருமோன்னு பயம் வரும்."

அவன் அதற்கும் சிரித்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

* * *

பாஹிமா மேடம் தொப்பலாக நனைந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். தலைத்துணி ஓரத்தில் தண்ணீர் சொட்டியது. காலில் கட்டுமான இடங்களில் போடுகிற கனத்த பூட்ஸ். கம்பெனியில் இன்ஜினீயர். வெளியே சாரல் என்ற பெயரில் வானமே கரைந்து ஊற்றிக்கொண்டிருந்தது. மெயின் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் தடை. குளிக்க வந்த கூட்டமெல்லாம் காலையிலிருந்து அறைக்குள் அடைந்து பஜ்ஜிக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஆதித்தன் சார் பொன்னாடையோடு பாய்ந்தார்.

"வருக வருக மேடம். எங்க கல்லூரி சார்பா..."

பாஹிமா பொன்னாடையை வாங்கினார். தலைத்துணிக்கு மேலாகவே அழுத்தி ஈரத்தை ஒற்றினார். கைகளைத் துடைத்தார். மடித்து நாற்காலி முதுகில் போட்டார்.

"தேங்க்ஸ் சார். துண்டு கேக்கலாம்னு இருந்தேன்."

சங்கரேஸ்வரிக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போயிற்று. இவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும். பார்த்தால் இவருக்குக் கீழேதான்.

"மேடத்துக்கு எந்த ஊரு?" ஆதித்தன் சார் குழைந்தார்.

"கடையநல்லூர்தான். அதனால ஊர்ப் பெருமை எனக்கு வேண்டாம். ஆரம்பிக்கலாமா?" அவர் பேச்சிராஜ் பக்கம் திரும்பினார். "தம்பி, மேல டைனிங் ஹால்ல எவ்வளவு டிகிரி?"

"இருபத்திநாலு மேடம்."

"இருபத்திநாலு இருக்கா?"

"ஸ்கிரீன்ல இருக்கு மேடம்."

"ஹால்ல?"

பேச்சிராஜ் யோசித்தான். "நான் ஸ்கிரீன்லதான் மேடம் பாத்தேன்."

ஆதித்தன் சார் கூரையைப் பார்த்தார். பாஹிமா இந்தப் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

"இருபத்திநாலு கெடையாது மேடம்" என்றாள் சங்கரேஸ்வரி. "சாரல் காத்து வாங்கணும்னு அங்கன அத்தன ஜன்னலையும் தொறந்து போட்டிருக்காவ. ஏ.சி.யையும் நிப்பாட்டல. சென்சார ஏ.சி. வாய்க்கு நேரா மாட்டி வச்சிருக்கு. அது ஒண்ணுக்குத்தான் குளிருது. அது தன் கதையச் சொல்லுது, ஹால் கதைய இல்ல."

பாஹிமாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சங்கரேஸ்வரி அதைப் பார்த்துவிட்டாள். அடுத்து ஒன்று. அதற்கடுத்து ஒன்று. தொட்டி நிரம்பாமலே நிரம்பியதாகக் காட்டினால் எங்கே பார்ப்பாய்? லிஃப்ட் நடுவில் நின்றால் முதலில் என்ன? பேச்சிராஜ், "வாட்ச்மேன் அண்ணாச்சியக் கூப்பிடுவேன் மேடம்" என்றான். சங்கரேஸ்வரி படபடவென்று நான்கு காரணம் சொன்னாள், அதில் எது இந்த ஹோட்டலில் அதிகம் நடக்கிறது என்பதையும் சேர்த்து.

வேலை கைக்கு வந்துவிட்டது. பெட்டியில் எந்தப் புடவை, எந்தச் சுடிதார் என்பது வரைக்கும் அவள் மனசு போய்விட்டது.

"சரி. கீழ்த்தளம்" என்றார் பாஹிமா. "கார் பார்க்கிங். கார்பன் மோனாக்சைடு எவ்வளவு?"

பேச்சிராஜ் திரையில் விரல் வைத்துத் தேடினான். "பூஜ்யம் மேடம்."

ஆதித்தன் சார் இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். "நல்லா பாருங்க மேடம். ஜீரோ. சிஸ்டம் ஆரம்பிச்ச அன்னையிலருந்து ஜீரோ. புகை ஏறினா வெளிய தள்ளுறதுக்கு பெரிய பெரிய ஃபேன் போட்டிருக்கோம், ஒரு தடவைகூட ஓட அவசியம் வரல. குத்தாலத்து மூலிகைக் காத்து மேடம். ஊட்டியிலகூட இது கிடைக்காது."

பாஹிமா அவரையே ஒரு கணம் பார்த்தார். பிறகு சங்கரேஸ்வரியை. "நீ என்ன சொல்ற?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பாஹிமாவின் கைப்பை அலறியது. போனை எடுத்துப் பார்த்தார். "சைட்லருந்து. எடுத்தே ஆகணும். யோசிச்சு வை, வந்து கேக்கேன்." அறைக்குள் சிக்னல் இல்லை. பூட்ஸ் சத்தம் வராந்தாவின் கடைசிவரை போனது.

கதவு சாத்தியதும் ஆதித்தன் சார் மாறினார்.

"சங்கரேஸ்வரி. ஜீரோன்னா ஜீரோ. விளங்குச்சா? முதலாளி ஹோட்டல். வெளியாள் முன்னாடி இதுல குத்தம் இருக்கு, அதுல ஓட்ட இருக்குன்னு பேசினா அந்தம்மா கோயம்புத்தூருக்குப் போயிரும். நீயும் நானும் இங்கனதான் கெடக்கணும்."

"நீங்க கெடங்க சார். நான் போறேன்."

"வாய்."

"வாய்தான் சார். அது ஒண்ணுதான் உங்க காலேஜ்ல வேல செய்யுது." அவளுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. மூன்று வருடம் சேர்த்து வைத்திருந்தது. இனி இவர் தயவு தேவையில்லை. "வண்டி நிக்கிற எடத்துல பூஜ்யம் வருமா சார்? அம்பாசமுத்திரம் ரோட்டுல நட்டநடு வயக்காட்டுல வச்சாக்கூட ஒண்ணு ரெண்டுன்னு ஆடும். அசையாம பூஜ்யத்துல நிக்குன்னா சென்சார் மூச்சு விடலன்னு அர்த்தம். செத்த பொணத்துக்கு நாடி பாத்துட்டு, ஆளு நல்லா அமைதியா இருக்கான்னு சொல்லுதீய."

"வண்டி நிக்குது. ஓடலல்லா? ஓடினாத்தான் புகை."

"ஓடலயா?" அவள் பக்கத்தில் இருந்த கேமரா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். கீழ்த்தளம் மங்கலாகத் தெரிந்தது. நெருக்கியடித்துக்கொண்டு வேன்கள், கார்கள். மூலையில் ஒரு பழைய வெள்ளை வண்டி. அதன் வாலில் சன்னமாக ஆவி மாதிரி வெள்ளைப் புகை. "அந்தா, பாருங்க. அது என்ன சாம்பிராணியா? அருவியில தடை. டிரைவர் எல்லாம் கீழதான் கெடக்காவ. கொசுக்கடிக்குப் பயந்து கண்ணாடிய ஏத்திட்டு, எஞ்சின ஓடவிட்டு, ஏ.சி.யப் போட்டுத் தூங்குதாவ. சாரல் தண்ணி உள்ள வருதுன்னு சரிவுப் பாதையில ஷட்டரையும் எறக்கியாச்சு. புகை எங்கன சார் போவும்? மூலிகைக் காத்துகூட கைகோத்துட்டுப் போவுமா?"

ஆதித்தன் சார் திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஓடியது பயம் இல்லை, கணக்கு. "அது... சைலன்சர் ஈரமா இருந்தாலும் அப்படி வரும்."

"அப்ப அந்த டிரைவரு?" என்றான் பேச்சிராஜ்.

இருவரும் திரும்பவில்லை.

"ஏட்டி, அந்த வண்டிக்குள்ள ஆளு கெடக்கான்லா? அந்தக் காத்து என்ன செய்யும்?"

"கொல்லும்" என்றாள் அவள், ஆதித்தன் சாரிடமிருந்து கண்ணை எடுக்காமல். "வாசம் கெடையாது, நெறம் கெடையாது. தூங்குதவன் அப்பிடியே தூங்கிக்கிட்டே போயிருவான். ரெண்டாம் வருசம் பாடம்லே. சார் நடத்தல, நானா படிச்சேன். நீ சும்மா கெட, இங்கன பேசிக்கிட்டு இருக்கோம்லா. சார், ஒரே ஒரு கேள்வி. இந்த சென்சார ஒரு நாளாவது நீங்க சோதிச்சுப் பாத்ததுண்டா? ஒரு ஊதுபத்தி? ஒரு பைக் சைலன்சர்? எதாவது?"

"நான் ஒனக்குப் பதில் சொல்லணுமா?"

"தெரிஞ்சாச் சொல்லுங்க. தெரியலன்னா, சோதிச்சதா வைத்துக்கொள்வோம்."

அந்த வார்த்தை நன்றாக விழுந்தது. அவர் காது மடல் சிவந்தது. அவளுக்கு அது தேன் மாதிரி இருந்தது. பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. கடைக்கண்ணால் பார்த்தாள். பேச்சிராஜின் இடம் காலி. பாத்ரூமுக்கு ஓடியிருப்பான். கஷ்டமான கேள்வி வந்தால் அவனுக்கு வயிறு கலக்கும் என்பது வகுப்புக்கே தெரிந்த விஷயம்.

நல்லது, ஒரு தொல்லை ஒழிந்தது. அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். லேபில் இருந்த பல்லியைப் பற்றிச் சொன்னாள். போன வருடம் வேறொரு கல்லூரியின் பாடக்குறிப்பை அட்டையைக்கூட மாற்றாமல் அவர் நகலெடுத்துக் கொடுத்ததைச் சொன்னாள். அவர் 'டாக்டர்' என்று பெயர்ப்பலகையில் எழுதிவிட்டு, கேட்டால் 'பட்டம் வந்துக்கிட்டிருக்கு' என்பாரே, அது எந்தப் பஸ்ஸில் வருகிறது என்று கேட்டாள். ஆதித்தன் சார் இரண்டு முறை, "முதலாளிகிட்டச் சொல்லுதேன்" என்றார். மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்தபோது கதவு திறந்தது.

பாஹிமா போனைப் பைக்குள் போட்டபடி வந்தார்.

"ம். சொல்லும்மா. கீழ்த்தளம்."

"சென்சார் வேல செய்யல மேடம்." மூச்சு வாங்காமல் சொன்னாள். ஓடுகிற வண்டி, தூங்குகிற டிரைவர், இறக்கிய ஷட்டர். இரண்டாம் முறை சொல்வதால் இன்னும் கச்சிதமாக வந்தது. வழக்கு முடிந்த வக்கீல் மாதிரி கேமரா திரையைச் சுட்டிக் காட்டினாள்.

பாஹிமா திரையைப் பார்த்தார். பார்த்தவர் முகத்தில் பாராட்டு வரவில்லை.

"இதை எப்ப பாத்த?"

"நீங்க போன் பேசப் போனப்ப மேடம்."

பாஹிமா கை நீட்டினார். சங்கரேஸ்வரியின் உள்ளங்கைக்கு அடியிலிருந்த மவுஸை உருவினார். ஒரு கிளிக். ஃபேன் படத்தின் மேல் 'ஆட்டோ' போய் 'ஆன்' வந்தது. காலடியில், தரைக்குக் கீழே, பெரிதாக எதுவோ உறுமி எழுந்தது. மேஜையில் இருந்த டீ கிளாஸ் நடுங்கியது.

ஒரே ஒரு கிளிக். அவ்வளவுதான் வேலை.

"இன்னொரு பையன் எங்க?" என்றார் பாஹிமா.

கேமரா திரையே பதில் சொன்னது. ஷட்டருக்குக் கீழே வெளிச்சக் கோடு ஒன்று அகலமாகிக்கொண்டே போனது. யாரோ சங்கிலியை இழுத்துத் தூக்கிவிட்டு உள்ளே ஓடினார். வெள்ளை வண்டியின் கதவு திறந்து கிடந்தது. வாட்ச்மேன் குத்தாலிங்கம் கால் பக்கம், பேச்சிராஜ் அக்குள் பக்கம், நடுவில் தொங்கிக்கொண்டு ஒரு மனிதன்.

* * *

சரிவுப் பாதையின் உச்சியில், சாரலில், அந்த டிரைவரைக் கிடத்தியிருந்தார்கள். கொல்லத்துக்காரர். அருவிக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவர். முகம் முழுக்க மழை. கண்ணைத் திறந்து, "தல கறங்ஙுந்நு" என்றார், தலை சுற்றுகிறதாம். பக்கவாட்டில் திரும்பி வாந்தி எடுத்தார்.

"எடுக்கட்டும், எடுக்கட்டும்" என்றார் குத்தாலிங்கம். "ஆட்டோ சொல்லியாச்சு மேடம். தென்காசி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம். இந்தப் பய வந்து கையப் பிடிச்சு இழுக்கான், அண்ணாச்சி ஷட்டரத் தூக்குங்கன்னு. முதலாளி எறக்கச் சொன்னாவல்லா, நான் எப்பிடிலே தூக்கன்னு கேட்டேன். செத்தா முதலாளியா வந்து தூக்குவாவன்னான். சங்கிலிய என் கையில குடுத்துட்டு உள்ள ஓடிட்டான்."

பேச்சிராஜ் தூணில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் ரத்தம். "கண்ணாடியத் தட்டுதேன், தட்டுதேன், மனுசன் எந்திரிக்கல மேடம். கதவு பூட்டிக் கெடந்துச்சு. கல்ல எடுத்து உடைச்சிட்டேன். பக்கத்து வண்டியிலயும் ரெண்டு பேரு கெடந்தாவ. அவ்வொ முழிச்சிட்டாவ."

மற்ற டிரைவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக மேலே வந்துகொண்டிருந்தார்கள். பாஹிமா அவர்களைத் தாண்டிக் கீழே இறங்கினார். ஃபேன் இரைச்சலில் காது அடைத்தது. காற்று இப்போது ஓடியது. முதல் தூணில், ஆள் முக உயரத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. அதுதான் சென்சார். காற்று உள்ளே போவதற்கு நடுவில் சல்லடை மாதிரிப் பொடித் துளைகள்.

துளைகளைக் காணவில்லை. அங்கே சந்தனம் இருந்தது. கட்டியாக, வட்டமாக, காய்ந்து வெடித்த சந்தனம். நடுவில் குங்குமம்.

அடுத்த தூணிலும் அப்படியே. அதற்கடுத்த தூணிலும்.

பாஹிமா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன சார்?"

ஆதித்தன் சார் தொண்டையைச் செருமினார். "சிஸ்டம் ஆரம்பிச்ச பூஜை மேடம். ஆடி பிறந்தா நல்ல காரியம் கூடாதுல்லா, அதனால ஆனியிலயே... நல்ல நேரம் பாத்து... எல்லா சாதனத்துக்கும் முறைப்படி."

"நான்தான் மேடம் சந்தனக் கிண்ணம் பிடிச்சேன்" என்றான் பேச்சிராஜ் பின்னாலிருந்து.

"பொட்டு வச்சது?"

அவன் தரையைப் பார்த்தான்.

"சார்தான்" என்றாள் சங்கரேஸ்வரி. "நல்லா மூக்கப் பாத்து வச்சிருக்காவ." சொன்ன பிறகுதான், யாரும் சிரிக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

பாஹிமா தலைத்துணியில் குத்தியிருந்த ஊசி ஒன்றை எடுத்துச் சந்தனத்தைப் பெயர்த்தார். பொடியாக உதிர்ந்தது. பெட்டியின் கீழ்விளிம்பில் இருந்த குட்டித் திரையில் பூஜ்யம் நின்றது. பிறகு அசைந்தது. ஏறியது. ஃபேன் இத்தனை நேரம் ஓடிய பிறகும் ஏறிக்கொண்டே போனது. ஆதித்தன் சார் கைக்குட்டையை எடுத்து அடுத்த தூணின் பொட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அவசர அவசரமாக, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, சுவரில் எழுதிய பையன் அழிப்பதுபோல.

"விடுங்க சார்" என்றார் பாஹிமா. "அப்படியே இருக்கட்டும். நான் போட்டோ எடுக்கணும்."

* * *

ஆட்டோ போன பிறகு வரவேற்பறையில் வைத்துச் சொன்னார்.

"பேச்சிராஜ், திங்கக்கிழமை கோயம்புத்தூர் வந்துரு. பூட்ஸ் கம்பெனி தரும்."

பேச்சிராஜ் பின்னால் திரும்பிப் பார்த்தான், அந்தப் பெயரில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

சங்கரேஸ்வரிக்குக் காது கூசியது. "மேடம். அவனுக்கு பி.பி.எம்.னா என்னன்னே தெரியாது."

"தெரியாதுதான்."

"சென்சார் வேல செய்யலன்னு சொன்னது நான்."

"நீதான். சரியாச் சொன்ன. இன்னைக்கு நான் கேட்ட எல்லாத்தையும் சரியாச் சொன்ன." பாஹிமா பையைத் தோளில் மாட்டினார். "எங்க சைட்ல இந்த சார் மாதிரி ஆளுங்க மாடிக்கு ஒருத்தர் இருக்காங்க. நீ ஒவ்வொருத்தரையும் நிக்க வச்சுக் கிழிப்ப. நல்லாவே கிழிப்ப. கீழே ஆளு கெடப்பான். மவுஸ் உன் கையிலதான இருந்துச்சு?"

"சார் தொடக்கூடாதுன்னு..."

சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. காலையிலிருந்து அந்த மனிதர் சொன்னதில் ஒரு சொல்லையாவது அவள் மதித்தாளா? அந்த ஒன்றை மட்டும் மதித்தாளாம்.

பாஹிமா வாசலுக்கு நடந்தார். சாரலில் இறங்கிப் போனார். நாற்காலி முதுகில் பொன்னாடை ஈரமாகக் கிடந்தது.

"சரி, விடு" என்றார் ஆதித்தன் சார். குரலில் பழைய குழைவு அதற்குள் திரும்பியிருந்தது. அந்த மனிதரைத் தண்ணீரில் போட்டாலும் தக்கை மாதிரி மேலே வந்துவிடுவார். "முதலாளிகிட்ட நான் பேசுதேன். நடந்தத மறந்துருவோம். லேப்ல சேந்துரு. அடுத்த மாசம் புது பேனல் வருது."

"ஒயர் இருக்குமா சார், அதுல?"

அவர் பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டார். அடுத்த விருந்தாளிக்கு ஆகும்.

பஸ் ஸ்டாப்பில் பேச்சிராஜ் நின்றிருந்தான். மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தான். ரத்தம் ஊறியிருந்தது. அவள் தள்ளிப் போய் நின்றாள். அவன் நகர்ந்து பக்கத்தில் வந்தான்.

"கோவமாட்டி?"

"ஒம் மேல கோவப்பட நீ யாருலே?"

"சரி." கைக்குட்டையை இன்னும் இறுக்கிக் கட்டினான். "பி.பி.எம்.னா என்னட்டி?"

அவளிடம் இதற்குப் பதில்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் நன்றாகத் தீட்டிய பதில். அவன் ஏழு தலைமுறைக்கும் சேர்த்து வலிக்கிற மாதிரி. எதை எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"பத்து லட்சம் பங்கு காத்துல ஒரு பங்கு" என்றாள்.

"அவ்ளோ கம்மியா?"

"ஆமா. அது ஒரு பி.பி.எம். சில நூறு சேந்துட்டா தலைவலி, மயக்கம். அதுக்கு மேல போனா ஆளே போயிருவான்."

அவன் உதட்டை அசைத்து மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். "அத்தன கம்மியா இருந்தா மனுசன் எப்பிடிட்டி கண்டுபிடிக்கது?"

"மூதேவி. அதுக்குத்தாம்லே சென்சார்."

அவன் தலையாட்டினான். முகத்தில் பெரிய விஷயம் ஒன்று பிடிபட்ட திருப்தி. திங்கட்கிழமை இவன் கோயம்புத்தூரில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்பான். அவள் பேனலுக்கு முன்னால் நிற்பாள். பஸ்ஸின் கண்ணாடி வழியே தண்ணீர் வழிந்து வழிந்து, வெளியே தென்னைகள் நெளிந்தன.

இலஞ்சி விலக்கில் அவன் அடுத்த கேள்வியைக் கேட்டான். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, திரும்பாமலே, பதில் சொல்ல ஆரம்பித்தாள்.